பழங்கால ஒலியை மறுபடி கேட்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"உலகின் முதல் பாட்டு", "மூவாயிரம் வருஷத்து மம்மியின் குரல்", "சங்ககால யாழிசை" என்று ஏதாவது ஒன்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. கேட்கிறவர்களில் பாதிப்பேர் அப்படியே நம்பிவிடுகிறார்கள், மீதிப்பேர் எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே இந்த வேலைக்கு நியாயம் செய்யவில்லை. ஒவ்வொரு மறு உருவாக்கத்திலும் சான்றின் மேல் நிற்கிற பகுதி ஒன்று உண்டு, இன்றைய கலைஞர் இட்டு நிரப்பிய பகுதி ஒன்று உண்டு. எது எது என்று பிரிக்கத் தெரிந்தால் கேட்பதிலேயே ஒரு தனி ருசி வந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பதில்கள்.

ஒலிப்பதிவே இல்லாத காலத்து ஒலி நமக்கு எப்படித் தெரியும்?

மனிதக் குரலின் மிகப் பழைய பதிவு என்று இன்று கேட்கக் கிடைப்பது 1860-ல் பாரிஸில் எடுத்தது. ஸ்காட் த மார்த்தென்வீல் என்பவர் புகைக்கரி படிந்த தாளில் ஒலியலையைக் கோடாக விழ வைத்தார். அதைத் திரும்ப ஒலிக்கச் செய்யும் யோசனையே அவருக்கு இல்லை. 2008-ல் கணினி வழியாகத்தான் அந்தக் கோடு பாட்டாகக் கேட்டது. எடிசன் கருவி 1877. அதற்கு முந்தைய எல்லாமே அனுமானம்தான். ஆனால் அனுமானத்திலும் உறுதியானது, ஓரளவு தேறுவது, வெறும் ஆசை என்று தரம் இருக்கிறது. மொழிக்கு எழுத்துப்பிழை, கடன் சொல், எதுகை, இலக்கண நூல் ஆகியவை சான்று. இசைக்குக் கருவி, சுரக்குறிப்பு, சுருதி சேர்க்கும் முறை பற்றிய குறிப்பு, யாப்பு.

எழுத்துதான் இருக்கிறதே, படித்தால் போதாதா?

போதாது. எழுத்து அப்படியே நிற்கும், வாய் மாறிக்கொண்டே போகும். ஜூலியஸ் சீசரை அவர் காலத்து ரோமாபுரியில் 'கைசர்' என்பதற்குக் கிட்டத்தில்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்றால், கிரேக்கர்கள் அந்தப் பெயரைக் ககர எழுத்தால் எழுதினார்கள், ஜெர்மானியர்கள் அதைக் கடன் வாங்கி 'கைசர்' என்றே இன்றுவரை வைத்திருக்கிறார்கள். சிசரோ என்று நாம் சொல்லும் ரோமப் பேச்சாளரும் கிரேக்க ஏட்டில் 'கிக்கெரோன்'தான்.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று எழுத்துப்பிழைகள். லத்தீன் ஆசிரியர் ஒருவர் 227 திருத்தங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்: இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே. காதுக்கு 'ஔரிஸ்' என்று சொல், 'ஒரிக்லா' என்காதே என்பது அதில் ஒன்று. மக்கள் 'ஒரிக்லா' என்று சொல்லிக்கொண்டிருந்தால்தானே திருத்த வேண்டிவரும்? இன்றைய இத்தாலிய மொழியில் காதுக்கு 'ஒரெக்கியோ' என்கிறார்கள். அது அந்தத் 'தப்பான' வடிவத்தின் வழியில் வந்தது. இலக்கணத்தில் தேறியவர் எழுதினால் அவருடைய வாய் நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது, தேறாதவர் எழுதினால்தான் ஒலி தெரிகிறது.

கிரேக்கம் இன்றும் பேசும் மொழிதானே? ஏதென்ஸ்காரரைப் படிக்கச் சொன்னால் ஆகாதா?

இன்றைய உச்சரிப்பில் அழகாகப் படிப்பார். ஆனால் 2,400 வருஷத்தில் அங்கும் ஒலி நிறைய மாறிவிட்டது. பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 5-ஆம் நூற்றாண்டில் கிராத்தினோஸ் என்ற நகைச்சுவை நாடகக்காரர், "முட்டாள் செம்மறியாடு மாதிரி 'பே பே' என்று சொல்லிக்கொண்டு நடக்கிறான்" என்று ஒரு வரி எழுதினார். அதே எழுத்துகளை இன்றைய கிரேக்கர் படித்தால் 'வீ வீ' என்று வரும். எந்த ஊர் ஆடும் 'வீ' என்று கத்தாது. அந்த மெய்யெழுத்து அன்று வகரம் இல்லை, உயிரெழுத்து நீண்ட ஏகாரம் என்று இந்த ஒரு ஆட்டுக்குரலிலேயே இரண்டு விஷயம் கிடைத்துவிடுகிறது. பழைய உச்சரிப்பை மீட்க வேண்டும் என்று எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் 1528-லேயே எழுதினார். இந்த ஆராய்ச்சி ஏதோ இணையம் வந்தபின் முளைத்தது அல்ல.

தமிழுக்கு அப்படி ஏதாவது சான்று உண்டா?

நன்றாகவே உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியல் வாய்க்குள் என்ன நடக்கிறது என்றே சொல்கிறது. இரண்டு சூத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

"அணரி நுனிநா அண்ணம் ஒற்ற றஃகான் னஃகான் ஆயிரண்டும் பிறக்கும்."

"நுனிநா அணரி அண்ணம் வருட ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்."

இரண்டிலும் நாக்கின் நுனி மேலே வளைகிறது. ஆனால் றகரத்துக்கும் னகரத்துக்கும் அது அண்ணத்தை ஒற்ற வேண்டும், அதாவது அழுந்தத் தொட வேண்டும்; ரகரத்துக்கும் ழகரத்துக்கும் தடவினால் போதும். ஆகவே அன்றைய றகரம் இன்று தமிழ்நாட்டில் பலரும் சொல்வது போல் அழுத்திச் சொன்ன ரகரம் அல்ல. காற்றை நிறுத்தி விடுகிற ஒரு வல்லின ஒலி. க, ச, ட, த, ப வரிசையில் ற ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள், காரணம் இதுதான்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற விஷயமும் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒருவரை 'வெற்றி', 'காற்று' என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நாக்கு பல்லுக்குச் சற்று மேலே ஒட்டி நிற்கும். தகரமும் இல்லாமல் டகரமும் இல்லாமல் நடுவில் ஒரு ஒலி வரும். மலையாளத்திலும் இரட்டை றகரம் அப்படித்தான். கடல் கடந்த ஒரு வழக்கும், பிரிந்துபோன ஒரு சகோதர மொழியும், பழைய இலக்கணமும் ஒன்றாக ஒரே இடத்தைக் காட்டும்போது அதை உறுதியான சான்று என்று தாராளமாகச் சொல்லலாம். 'சங்கத்தமிழ் உச்சரிப்பு' என்று போட்டுவிட்டு 'காற்று' என்பதை இன்றைய சென்னைச் செய்தி வாசிப்பு மாதிரி வாசித்தால், அந்த முயற்சி முதல் படியையே ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கம், வேகம், இழுவை எதுவும் சூத்திரத்தில் இல்லை. பாணன் கோபத்தில் எப்படிப் பேசினான் என்று ஒருவர் பேசிக் காட்டினால் அது நடிப்பு.

யாருமே எழுதி வைக்காத மொழியை மீட்டுவிட்டோம் என்கிறார்களே, அது எப்படி?

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியைச் சொல்கிறீர்கள். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்தது அது. ஆகஸ்ட் ஷ்லைஹர் என்ற ஜெர்மன் மொழியறிஞர் 1868-ல் அந்த மொழியில் ஒரு குட்டிக்கதையே எழுதினார், ஒரு ஆடும் சில குதிரைகளும் பேசிக்கொள்வதாக. ஆராய்ச்சி முன்னேற முன்னேற அதே கதையைப் பிற்பாடு வந்தவர்கள் புது ஒலிகளோடு திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையின் ஒரு வாசிப்பைக் கேட்டு "இதுதான் அந்த மொழி" என்று சொல்லக்கூடாது என்பதற்கு அதுவே போதும்.

ஆனால் முறை வெறும் கற்பனை அல்ல என்பதற்கு ஒரு அருமையான சம்பவம் உண்டு. ஃபெர்டினான் த சொசூர் என்ற மொழியறிஞர் 21 வயதில், இந்த மொழிகளின் உயிரெழுத்துக் கணக்கு இடிக்கிற இடங்களைப் பார்த்து, "எந்த மொழியிலும் இன்று மிஞ்சாத சில ஒலிகள் இங்கே இருந்திருக்க வேண்டும்" என்று எழுதினார். 1879 என்று தேதியிட்ட நூல் அது. பலர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு துருக்கியில் ஹிட்டைட் என்ற பழைய மொழியின் களிமண் ஏடுகள் கிடைத்தன, 1915-ல் அந்த மொழி புரிந்தது, 1927-ல் குரிவோவிச் என்ற போலந்து அறிஞர் கவனித்தார்: சொசூர் கணித்த இடங்கள் பலவற்றில் ஹிட்டைட் மொழியில் ஹகரம் போன்ற ஒரு ஒலி எழுதியிருக்கிறது. லத்தீனில் 'அன்தே', கிரேக்கத்தில் 'அன்தி' என்று முன்பக்கத்தைக் குறிக்கிற சொல் அங்கே 'ஹன்த்' என்று ஆரம்பிக்கிறது. சொசூர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அந்த ஒலி தொண்டையில் எந்த இடத்தில் பிறந்தது என்று இன்னும் சண்டை நடக்கிறது. அங்கே ஒன்று இருந்தது என்பதில் பெரும்பாலும் சண்டை இல்லை.

எகிப்திய மம்மி பேசியதாக வந்த செய்தி?

பேசவில்லை. 2020-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் நெஸ்யமுன் என்ற பூசாரியின் உடலை சிடி ஸ்கேன் எடுத்து, தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள வழியை முப்பரிமாண அச்சில் வார்த்து, அதன் வழியே செயற்கைக் குரல்வளையின் ஒலியைச் செலுத்தினார்கள். வந்தது ஒரே ஒரு உயிரொலி, ஏறக்குறைய ஒரு 'ஏ'. படுத்த நிலையில், நாக்குத் தசை சுருங்கிப்போய்க் கிடந்த வாயின் ஒலி அது. அவர் எந்தச் சொல்லையும் சொல்லவில்லை. செய்த விஞ்ஞானிகள் இதைத் தெளிவாகத்தான் சொன்னார்கள், தலைப்புப் போட்டவர்கள்தான் பேச வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் எகிப்திய மொழியின் ஒலி தெரியாதா?

மெய்யெழுத்துகள் தெரியும். சித்திர எழுத்தில் உயிரெழுத்து எழுதுவதில்லை, அதனால் படிக்க வசதியாக அறிஞர்கள் நடுவில் எகரத்தைப் போட்டு வைத்தார்கள். உண்மையான உயிர்களைத் தேட இரண்டு வழி: ஒன்று, எகிப்தியத்தின் கடைசி வடிவமான காப்டிக், இன்றும் அந்நாட்டுக் கிறிஸ்தவ வழிபாட்டில் கேட்கிறது. இன்னொன்று, அண்டை நாட்டார் ஆப்பெழுத்தில் (களிமண்ணில் ஆப்பு வடிவில் அழுத்தி எழுதும் எழுத்து) எழுதிய எகிப்தியப் பெயர்கள்; ஆப்பெழுத்தில் உயிர் உண்டு. இரண்டாம் ராம்செசின் அரசி நெஃபர்த்தாரி ஹிட்டைட் அரசிக்கு அனுப்பிய கடிதத்தில் அவர் பெயர் 'நப்தேரா' என்று இருக்கிறது. திரைப்படங்களில் கேட்கிற எகிப்தியத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

உலகின் முதல் பாட்டு என்று வருவது உண்மையான மெட்டா?

அனேகமாக அது சிரியாவின் உகாரித் நகரத்தில், இன்றைய ராஸ் ஷம்ராவில், 1950-களில் கிடைத்த ஒரு களிமண் ஏடு. பொ.ஆ.மு. 1400 வாக்கில் எழுதியது, நிக்கல் என்ற தெய்வத்துக்கான ஹுர்ரிய மொழித் துதி. 'உலகின் முதல்' என்பது தவறு. மெட்டுக் குறிப்போடு ஓரளவு முழுசாகக் கிடைத்தவற்றில் இது மிகப் பழையது, அவ்வளவுதான்.

மேலே பாட்டின் வரிகள், நடுவில் இரட்டைக்கோடு, கீழே இசைக்குறிப்பு, கடைசியில் எந்தச் சுருதி அமைப்பில் வாசிக்க வேண்டும் என்ற விவரமும் எழுதியவர் பெயரும். இசைக்குறிப்பில் தனிச்சுரங்கள் இல்லை. கருவியின் இரண்டு நரம்புகளுக்கு இடைப்பட்ட தொலைவின் பெயர், பக்கத்தில் ஒரு எண், இப்படியே போகிறது. அந்த இரண்டு நரம்பையும் ஒன்றாக மீட்டுவதா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக நடப்பதா? எண் என்பது எத்தனை தடவை என்பதா, வேறு ஏதாவதா? ஏடு சொல்லவில்லை. ஆன் கில்மர் என்ற அறிஞர் 1970-களில் ஒரு விளக்கம் கொடுத்தார், 1974-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் அதை வாசித்தும் காட்டினார்கள். பிறகு வந்த மற்ற அறிஞர்களின் விளக்கங்களைக் கேட்டால் ஒரே ஏட்டிலிருந்து வந்தவை என்று நம்பவே முடியாது. போதாததற்கு ஹுர்ரிய மொழியே அரைகுறையாகத்தான் புரிகிறது. ஆகவே நீங்கள் கேட்ட பதிவில் சுருதி அமைப்பு பழையது, மெட்டு ஒரு அறிஞரின் கருத்து, உணர்ச்சி முழுக்க இன்றைய கலைஞருடையது.

முழுசாக, சந்தேகமில்லாமல் பாடக்கூடியது ஒன்றாவது உண்டா?

உண்டு. சைக்கிலோஸ் கல்வெட்டு. 1883-ல் துருக்கியின் அய்தின் அருகே கிடைத்த ஒரு சின்னப் பளிங்குத் தூண், பொ.ஆ. 1 அல்லது 2-ஆம் நூற்றாண்டு. கிடைத்த பிறகு அதன் அடியை அறுத்துப் பூந்தொட்டி வைக்கும் பீடமாக்கினார்கள், கீழே இருந்த வரி அதில் சிதைந்தது. இப்போது கோபன்ஹேகனில் டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் பொறித்திருக்கும் கிரேக்கப் பாட்டின் பொருள் இது: இருக்கும்வரை ஒளிர்ந்திரு, எதற்கும் வருந்தாதே, வாழ்வு கொஞ்ச நாள்தான், காலம் தன் பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு அசைக்கும் மேலே சுரத்தைச் சொல்லும் எழுத்து, அதன்மேல் எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்குக் கோடு. எந்த எழுத்து எந்தச் சுரம் என்பதற்கு அலிப்பியோஸ் என்பவர் எழுதிய அட்டவணை தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆகவே சுரமும் தெரியும், காலப்பிரமாணமும் தெரியும். முதல் சுரத்தை ஸ என்று வைத்தால் அடுத்ததே ப-வுக்குத் தாவுகிறது. வருகிற சுரங்கள் ஹரிகாம்போதி ராகத்தோடு ஒத்துப்போகின்றன. அதைப் பிடித்துக்கொண்டு கிரேக்கர் நம்மிடம் கற்றார்கள், நாம் அவர்களிடம் கற்றோம் என்று கிளம்ப வேண்டாம். ஐந்தாம் சுரத்தை வைத்து ஏழு சுரம் கட்டுகிற யாரும் இந்த அமைப்புக்கு வந்து சேரத்தான் செய்வார்கள். கடைசிக் கேள்வியில் செய்தே பார்க்கலாம்.

இன்னொரு அழகு, பழைய கிரேக்க மொழியில் சொல்லின் ஒரு அசை சுருதியில் உயரும். ஏறக்குறைய ஒரு ஐந்தாம் சுர அளவு உயரும் என்று ஹாலிகர்னாசஸ் தியோனிசியோஸ் என்ற பழங்கால கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார். டெல்பியில் 1893-ல் கிடைத்த, பொ.ஆ.மு. 128-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் அப்பல்லோ துதிகளில் மெட்டு அந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் மதித்தே போகிறது. மொழி ஆராய்ச்சியும் இசை ஆராய்ச்சியும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடம் இது.

பழைய கருவியே கையில் இருந்தால் சந்தேகமே இல்லை அல்லவா?

கருவியைப் பொறுத்தது. சீனாவின் ஹூபேய் மாநிலத்தில் 1978-ல் ஸெங் நாட்டுத் தலைவர் யீயின் கல்லறையில் கிடைத்த 65 வெண்கல மணிகள்தான் இதில் உச்சம். பொ.ஆ.மு. 433 காலத்தவை. ஒவ்வொரு மணியும் நடுவில் தட்டினால் ஒரு சுரம், பக்கவாட்டில் தட்டினால் இன்னொரு சுரம். அந்தச் சுரத்தின் பெயரும் மணி மேலேயே பொறித்திருக்கிறது. வெண்கலம் நரம்பு மாதிரித் தளராது. அந்தக் காலத்துச் சுரத்தை நம் காதால் கேட்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் போக வழியில்லை.

எகிப்திய அரசன் துத்தன்காமனின் எக்காளங்களை 1939-ல் பிபிசியில் ஊதினார்கள், ஆனால் இன்றைய ஊதுவாய் பொருத்தி. அதில் கேட்கிற துள்ளலான சுரவரிசை எகிப்தியர் ஊதியது அல்ல.

கிரேக்கரின் இரட்டைக் குழலான அவ்லோஸ் அருங்காட்சியகங்களில் இருக்கிறது, துளைகளை அளந்து செய்துவிடலாம். ஆனால் வாயில் வைக்கும் நாணல் மட்கிப்போனது. நாகஸ்வரக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சீவாளி மாறினால் எல்லாமே மாறிவிடும். அதனால் இந்தக் குழலை மீட்பவர்கள் சார்டினியத் தீவில் இன்றும் மூச்சு விடாமல் ஊதப்படும் லவுனெத்தாஸ் என்ற குழலின் கலைஞர்களிடம் போய் ஊதும் முறையைப் பார்க்கிறார்கள். சரியான வழி அது.

யாழ்?

மண்ணிலிருந்து ஒரு யாழ்கூட முழுசாக எடுக்கப்படவில்லை. நம்மிடம் இருப்பது வர்ணனை, சிற்பம், உரை. பொருநராற்றுப்படை குளம்பு பதிந்த சுவடு போல நடுவில் பிளவுபட்ட பத்தல் (யாழின் குடப்பகுதி), விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துப் போர்த்திய தோல் என்று ஒவ்வொரு உறுப்பாகச் சொல்கிறது. நரம்பு எத்தனை என்பதை சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை தருகிறது: பேரியாழ் 21, மகரயாழ் 19, சகோடயாழ் 14, செங்கோட்டியாழ் 7. நீளம், கனம், மரத்தின் தடிப்பு பற்றிய அளவெல்லாம் செய்பவர் தீர்மானிப்பதுதான்.

இலங்கையின் கிழக்கே காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இந்தச் சான்றுகளைக் கணிதத்தோடு சேர்த்து ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவர் முடிவுகளோடு உடன்படாதவர்கள் உண்டு, பழந்தமிழிசையில் 'குரல்' என்று பெயர் பெற்ற சுரம் இன்றைய எந்தச் சுரம் என்பதிலேயே வாதம் இருக்கிறது. ஆனால் மரத்தைச் செதுக்குவதற்கு முன் சுரக்கணக்கைத் தீர்க்க வேண்டும் என்ற அவருடைய வழி சரியானது. இன்று யாழ் செய்து விற்கும், வாசிக்கும் இளைஞர்களைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. அவர்களிடம் ஒரே வேண்டுகோள், அதில் கிடார் சுருதி வைத்து வாசிக்கும்போது அதையும் சொல்லிவிடுங்கள். வில் வடிவ யாழின் உறவுக்காரக் கருவி ஒன்று, சௌங், பர்மாவில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. கைகள் எப்படி நரம்பில் ஓடும் என்று பார்க்க அதைப் பாருங்கள்.

பழைய இசை என்றாலே ஏன் மெதுவாக, சோகமாக, குகைக்குள் எதிரொலிப்பது போல இருக்கிறது?

தயாரிப்பவர்களின் ரசனை. எந்த ஏடும் அப்படிச் சொல்லவில்லை. வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் துண்டில் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் ஒரெஸ்தெஸ் நாடகப் பாட்டு இருக்கிறது; அதன் சந்தம் பதைபதைப்பான காட்சிகளுக்கே கிரேக்கர் வைத்திருந்த சந்தம். அதை எதிரொலியில் ஊறவைத்து மெல்லப் பாடினால் பாட்டே செத்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிடுமா?

சிதைந்த ஏடுகளைப் படிக்க, ஒப்பிட நன்றாக உதவும். ஆனால் 'பண்டைக் குரல்' என்று அது பாடிக் காட்டுவது, பயிற்சிக்குக் கொடுத்த இன்றைய குரல்களின் சாயலில்தான் இருக்கும். இல்லாத சான்றை அது உண்டாக்க முடியாது.

வீட்டில் நானே ஏதாவது முயன்று பார்க்கலாமா?

கட்டாயம். ஒரு கீபோர்டு போதும். ஈராக்கின் ஊர் நகரத்து ஏடு ஒன்று, பொ.ஆ.மு. 1800 வாக்கில் எழுதியது, 1968-ல் வெளியானது, நரம்புக்கருவியை ஒரு சுருதி அமைப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றுவது எப்படி என்று சொல்கிறது. அதன் வழி இது: எந்த இரு நரம்புகளின் இடைவெளி 'தெளிவாக இல்லையோ' அதில் ஒன்றைத் திருத்து, அடுத்த அமைப்பு கிடைக்கும்.

ஸ-வை C கட்டையில் வைத்துக்கொண்டு, ம-வில் ஆரம்பித்து ஐந்தாம் சுரமாகத் தாவிக்கொண்டே போங்கள்: ம, ஸ, ப, ரி, த, க, நி. எல்லாம் வெள்ளைக் கட்டைகள், வரிசைப்படுத்தினால் சங்கராபரணம். நம் பழைய இசையில் இளி என்ற ஐந்தாம் நரம்பை வைத்துச் சுரங்களைப் பிறப்பிப்பதும் இந்தக் கணக்குதான். இப்போது ம-வையும் நி-யையும் சேர்த்து அழுத்துங்கள். உறுத்தும். மற்ற ஐந்தாம், நான்காம் சுர ஜோடிகள் எல்லாம் இழைய, இது ஒன்று மட்டும் இழையாது. ம-வை அரைச்சுரம் ஏற்றிக் கறுப்புக் கட்டைக்குக் கொண்டுபோங்கள், உறுத்தல் போய்விடும், வரிசை கல்யாணி ஆகிவிடும். உடனே இன்னொரு ஜோடி கெடும்: ஸ-வும் புது ம-வும். இனி ஸ-வை அரைச்சுரம் ஏற்ற வேண்டும். இப்படியே போனால் ஏழு அமைப்புகள் வரும். ஏடு ஒரு பாதியில் நரம்பை முறுக்கிக்கொண்டும் இன்னொரு பாதியில் தளர்த்திக்கொண்டும் இந்த ஏழையும் சுற்றி வருகிறது.